வெளிச்சத்துக்குப் பிடித்த வேட்டி

படக்காரன் பாவாடை எடுத்த படத்தில் தெளிவாக விழுந்தவர் ஒரே ஒரு ஆள்தான் என்று சங்கராபுரம் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்த ஆளும் செத்துப்போனவர். மேற்குத்தெருப் பெரியவர் காலமானபோது, நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைக் கட்டி, மாலை போட்டு, கடைசிப் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். சுற்றி நின்ற மகன், மருமகள், பேரன் பேத்தி அத்தனை பேரும் அழுத அழுகையில் புகையாகப் போனார்கள். பிணம் மட்டும் கண்ணாடியில் பார்த்தமாதிரி விழுந்திருந்தது.

"ஆடாம அசையாம குந்திக்கினு இருந்தது அவுரு ஒருத்தருதானே" என்று பாவாடை நியாயம் சொன்னான். ஊர் அவன் நியாயத்தைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து பொணப் படக்காரன் என்று பேர் வைத்துவிட்டது.

கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்கள் பாடு இன்னும் மோசம். தாலி கட்டும்போது ஃப்ளாஷ் போடக் கூடாது, மின்னல் வெட்டித் தாலி ஏறினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பெண்ணின் தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டார். பந்தலுக்குள் இருட்டு. பாவாடை பொத்தானை அழுத்திய நேரத்தில் மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் போட்டு முடித்துவிட்டான். படத்தில் பெண்ணுக்கு இரண்டு மூக்கு, மாப்பிள்ளைக்கு நாலு கை. பெண்வீட்டார் கடைத்தெருவில் அவன் வைத்திருந்த படக் கடைக்கு வந்து ஆல்பத்தை முகத்தில் எறிந்தார்கள்.

வீட்டில் அதற்குமேல். அப்பன் இல்லாத குடும்பம். அண்ணன் செல்லமுத்துவும் பாவாடையும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். சங்கராபுரத்துக்குத் தெற்கே மூன்று கல்லில் வீடு, பங்கு பிரிக்காத நிலம், ஒரு கிணறு. பாவாடை கறவை மாட்டை விற்றுத்தான் பழைய கேமராவை வாங்கியிருந்தான். அண்ணி கொளஞ்சியம்மாள் அதை மறந்ததும் இல்லை, மறக்கவிட்டதும் இல்லை. காலையில் கடுங்காப்பியைத் தம்ளரில் ஊற்றும்போதெல்லாம், "இந்தா, ஒன் கேமரா கறந்த பாலு" என்று நங்கென்று வைப்பாள்.

ஃபிலிமைக் கழுவ அவன் கள்ளக்குறிச்சிக்குத்தான் போகவேண்டும். அங்கே ஸ்டுடியோ வைத்திருந்த நூர் முகமதுவுக்கும் அவனுக்கும் ஒரே வயது. வாய் மட்டும் நூர் முகமதுவுக்கு ஜாஸ்தி.

"இன்னா பாவாட, கேமராவ புடிச்சிக்கினு கரகம் ஆடினியா?"

"இல்ல பாய், கை லேசா நடுங்கிடுச்சி."

"நடுங்கற கைக்கு மம்பட்டி குடு. கேமரா குடுக்காத. முழங்கைய விலாவோட ஒட்ட வெச்சி, மூச்ச அடக்கிக்கினு அழுத்துன்னு எத்தினி வாட்டி சொல்றது? ஒரு மரமோ தூணோ கெடைச்சா அதுல சாஞ்சி நில்லு. உச்சி வெயில்ல எவனையும் நிக்க வெக்காத. கண்ணு ரெண்டும் குழியாப் பூடுது பாரு. ஒன் படத்தக் கழுவிக் கழுவி என் தொட்டி மருந்தே கலங்கிப்போச்சி."

திட்டுத்தான். ஆனால் திட்டில் இருந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்தான் பாவாடை. பெண்டாட்டி அமிர்தத்தை வேப்பமர நிழலில் நிறுத்தி நிறுத்திப் பழகினான். "மூச்ச அடக்கு, அசையாத" என்பான். "நீ அழுத்தறதுக்கு நான் எதுக்குய்யா மூச்ச அடக்கணும், எனக்கு இன்னா பிரசவமா?" என்று அவள் எரிந்துவிழுவாள். ஒருநாள் கொளஞ்சியம்மாள் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு எதிரே உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். வெயில் அவள் முதுகில். ஆனாலும் முகம் பளிச்சென்று இருந்தது. பாவாடை முறத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் குனிந்து குனிந்து பார்த்தான். வெள்ளையாக எது இருந்தாலும் வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது.

"இன்னாத்துக்கு என் மூஞ்சிய மொறைக்கிற?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. வெளிச்சம் பாத்தேன்."

"மாட்டக் காணோம். வெளிச்சம் பாக்கறானாம்."

இது நடந்தது எண்பத்தேழாம் வருசம். அந்தப் புரட்டாசி பிறந்தபோது தென்னாற்காடு முழுக்க இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். செல்லமுத்து ஊர்ச் சங்கத்தில் முன்னாடி நிற்கிற ஆள். நிற்பதற்குக் காரணமும் இருந்தது. அவர் மூத்த மகன் பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியும் இஞ்சினீரிங் சீட்டுக் கிடைக்காமல் வீட்டில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தான். பையனைப் பார்க்கும்போதெல்லாம் செல்லமுத்துவுக்கு வயிறு காந்தும். அந்தக் காந்தல்தான் முதல்நாள் விடிகாலையில் கோடரியாகி, கள்ளக்குறிச்சி ரோட்டோரத்துப் புளியமரத்தில் இறங்கியது.

மரம் ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் நின்றது. இறங்கின ஜனம் பாதி திட்டிக்கொண்டே நடையைக் கட்டியிருந்தது. ஒரே ஒரு மலைக்காரர் மட்டும் போக வழியில்லாமல் நின்றார். மலையில் கரியாலூருக்கு மேலே ஏதோ ஒரு சின்ன ஊர். சின்னராசு என்று பேர். மறியல் பயத்தில் முந்தினநாள் சந்தை கூடவில்லை. விற்காத சீத்தாப்பழம் இரண்டு கூடையும் காலடியில் கனிந்து நாறிக்கொண்டிருந்தன. மலையில் எல்லாரும் செருகுகிறமாதிரி இடுப்பில் கொடுவாள். கக்கத்தில் துணிக்கடைக் காகிதம் சுற்றின ஒரு பொட்டலம்.

செல்லமுத்து அடிமரத்துக்குப் பக்கத்தில் கோடரியோடு நின்றார்.

"டேய் பாவாட! எடுறா. சங்கத்து ஆபீசுக்கு அனுப்பணும். இந்த ஒண்ணாவது மனுசன் மூஞ்சி தெரியறாப்பல எடு."

பாவாடை கேமரா வழியே பார்த்தான். சூரியன் அண்ணனுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்தது. முகம் அடுப்புக்கரி. வழக்கமாக இருந்தால் அப்படியே அமுக்கிவிட்டு வாங்கிக்கட்டியிருப்பான். இப்போதுதான் வித்தை தெரிந்துவிட்டதே. வெள்ளையாக எதுவும் கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் பார்த்தான். சங்கத்து ஆட்கள் தோளில் கிடந்த துண்டெல்லாம் வியர்வையும் மரத்தூளுமாக இருந்தது. கண் மலைக்காரர் கக்கத்தில் போய் நின்றது.

"அது இன்னாங்க பொட்டலம்?"

"வேட்டிங்க. பொண்ணுக்கு ஐப்பசியில கல்யாணம் வெச்சிருக்கேன். மாப்பிள்ளைக்கு எடுத்தது."

"வெள்ளதானே? ரெண்டு நிமிசம் விரிச்சிப் புடிங்க. அழுக்காவாம குடுத்துடறேன்."

"மடிப்பு கலைக்காத துணிங்க. எதுக்குங்க?"

"வெளிச்சத்துக்கு."

சின்னராசுவுக்கு விளங்கவில்லை. தயங்கினார். செல்லமுத்து அங்கிருந்தே அதட்டினார்: "புடிய்யா! பஸ்ஸு எங்கியும் போவாது. ஒன் வேட்டிய தின்னுடவா போறான்?"

இருபது பேர் கோடரியும் கழியுமாக நிற்கிற இடத்தில் மாட்டேன் என்று சொல்ல எவனால் முடியும்? சின்னராசு காகிதத்தைப் பிரித்து, வேட்டியின் பச்சைக் கரை மண்ணில் படாமல், இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி விரித்துப் பிடித்தார். அண்ணன் முகத்தில் விளக்கேற்றினமாதிரி வெளிச்சம் ஏறியது. பாவாடைக்கு மனசு துள்ளியது.

ஆறடி என்று அளந்து லென்சு வளையத்தில் தூரத்தைத் திருப்பிவைத்தான். அதற்குள் செல்லமுத்துவுக்கு ஒரு யோசனை. அடிமரத்துக்குப் பக்கத்தில் நிற்பதைவிட மேலே ஏறி நின்றால் நன்றாயிருக்கும் என்று மரத்தின்மேல் நாலடி உள்ளே போய் நின்றுகொண்டார். பாவாடை கிளையில் சாய்ந்தான், முழங்கையை ஒட்டினான், மூச்சை அடக்கினான், அழுத்தினான். அழுத்தின பிறகுதான் தூரத்தை மாற்றவில்லை என்பது உறைத்தது. "அண்ணே, அப்பிடியே நில்லுங்க, இன்னொண்ணு" என்று பத்தடிக்குத் திருப்பி மறுபடி அழுத்தினான்.

அந்த நேரத்தில் வடக்கேயிருந்து போலீஸ் வேன் வருகிற சத்தம் கேட்டது. எல்லாரும் கரும்புக் கொல்லைக்குள் பாய்ந்தார்கள். வெயிலில் வேட்டியின் பளபளப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கையில் வாங்கியிருந்த பாவாடை, கேமராவும் வேட்டியுமாக ஓடினான். "எப்பா! என் வேட்டி! வேட்டிய குடுத்துட்டுப் போப்பா!" என்று பின்னால் குரல் கேட்டது. காதில் விழுந்தது. திரும்பவில்லை.

பஸ் ஓட ஆரம்பித்ததும் கள்ளக்குறிச்சிக்குப் போனான். இருட்டறையில் நூர் முகமது மருந்துத் தொட்டியில் காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தவர், படம் எழும்பி வந்ததும் கையை நிறுத்திவிட்டார்.

"பாவாட, யார எடுக்கப் போயி யார எடுத்துக்கீற?"

முதல் படத்தில் செல்லமுத்து கலங்கின தண்ணீரில் விழுந்த நிழல். ஆனால் ஓரத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்து நின்ற மலைக்காரரோ ஊசி முனையாக விழுந்திருந்தார். கன்னத்து அம்மைத் தழும்பு, கொடுவாள் பிடியில் சுற்றின கயிறு, நெற்றி வியர்வை எல்லாம் இருந்தன.

"ஆறடிக்கு வெச்சா ஆறடியில கீறவன்தான் உழுவான். கேமராவுக்கு ஒங்கண்ணன்னு தெரியுமா?" என்றார் நூர் முகமது. இரண்டாவது படம் எழும்பியது. அதில் மலைக்காரர் மங்கல். மரத்தின்மேல் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற செல்லமுத்துவின் மீசை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். நூர் முகமது குரலைத் தாழ்த்தினார். "இத்த யார் கண்ணுலயும் காட்டாத. ஊரெல்லாம் போலீசு ஆள் தேடிக்கினு கீது."

இரண்டாவதைப் பாவாடை சாமான் பெட்டியின் அடியில் வைத்தான். முதலாவதை? மூன்று வருசம் ஊர் சிரித்த சிரிப்புக்குப் பதில் அது. எப்படி மறைப்பான்? பெரிதாகப் போடச்சொல்லி வாங்கிவந்து கடை முகப்புக் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டான். செல்லமுத்து வந்து பார்த்துச் சிரித்தார்.

"என் மூஞ்சி மொளகா பொகை மாதிரி கீது. எவனுக்குத் தெரியப்போவுது? மாட்டிக்கினு போ."

வேட்டியை நாலு மூலைக்கும் ஆணி அடித்துக் கடைச் சுவரில் விரித்தான், ஜன்னலுக்கு எதிரே. உட்காருகிற ஆள் முகத்தில் ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மறுபக்கம் வேட்டி வெளிச்சம். ஆள் வர ஆரம்பித்தது. பரீட்சைக்குப் படம், பெண் பார்க்கப் படம். வேட்டிக்குச் சொந்தக்காரர் எப்போதாவது நினைவுக்கு வந்தார். வந்தால் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். எந்த ஊர், யார் வீடு என்று விசாரிக்க அவனுக்குத் தோன்றவில்லை.

சின்னராசு வந்தார். மறியல் முடிந்து கூடின சந்தைக்குக் கூடையோடு வந்தவரை, கண்ணாடிப் படத்தைப் பார்த்துவைத்திருந்த போலீஸ்காரர் ஒருத்தர் பிடரியில் கைவைத்துக் கூட்டிப்போய்விட்டார். மறியலுக்காக வெளியூரிலிருந்து வந்த ஸ்பெஷல் போலீஸ் ஒரு மூடின ரைஸ்மில்லில் தங்கியிருந்தது. சாயங்காலம் பாவாடையையும் அங்கே கூப்பிட்டார்கள்.

கடைக் கண்ணாடியிலிருந்து கழற்றிவந்த படத்தை இன்ஸ்பெக்டர் மேசைமேல் வைத்திருந்தார்.

"இது நீ எடுத்ததா?"

"ஆமாங்க ஐயா."

"ரொம்ப நல்லா எடுத்திருக்கய்யா. துணியில இழையக்கூட எண்ணலாம்."

பாவாடைக்கு உடம்பு சிலிர்த்தது. கேமராவைத் தொட்ட நாளிலிருந்து ஒரு மனுசன் அவனை அப்படிச் சொன்னதில்லை. வெட்கப்படவேண்டிய இடத்தில் சந்தோசப்பட்டான். அதற்குப் பிறகுதான் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த சின்னராசுவைப் பார்த்தான். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

"வெள்ளைக் கொடி காட்டி பஸ்ஸ மறிச்சிருக்கான். இடுப்புல கொடுவா. மரத்த வெட்டினதும் இவன்தான். பின்னாடி மரத்து மேல நிக்கிறானே, அவன் யாரு?"

"ஐயா, இந்தப் படக்காரரையே கேளுங்க" என்றார் சின்னராசு. "கொடி இல்லைங்க. வேட்டி. அவுருதான் புடிக்கச் சொன்னாரு."

இன்ஸ்பெக்டர் பாவாடையைப் பார்த்தார். பாவாடை தரையைப் பார்த்தான். தரையில் பழைய தவிடு கிடந்தது.

"கூட்டத்துல யாரு இன்னா பண்ணாங்கன்னு நெனப்பு இல்லைங்க ஐயா. பின்னாடி கீறவரு யாருன்னு தெரியல. புகையா உழுந்துடுச்சி."

பாவாடை வெளியே வந்து நாலு மிதி சைக்கிளை மிதித்தான். பிறகு இறங்கி, கடைவரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டே நடந்தான்.

இரண்டு நாள் கழித்துச் சின்னப்பொண்ணு வந்தாள், சின்னராசுவின் பெண்டாட்டி. மலையிலிருந்து பாதி நடை, பாதி லாரி. ரைஸ்மில் வாசலில் விரட்டிவிட்டார்கள். படம் எந்தக் கடையில் தொங்கியது என்று கேட்டுக்கொண்டு நேராக வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

"என் புருசன் படத்த நீதான் புடிச்சியா?"

"ஆமா."

"யாரக் கேட்டுப் புடிச்ச?"

பாவாடை உள்சுவர் தெரியாதபடி வாசலை அடைத்து நின்றான்.

"மாப்பிள்ளைக்கு வேட்டி எடுக்கப் போறேன்னு வந்த மனுசன். வெறுங்கையோட வந்தாரு. கேட்டா, வெளிச்சத்துக்கு வாங்கினாங்க, குடுக்கலங்கறாரு. வெளிச்சத்துக்கு எவனாச்சும் வேட்டி வாங்குவானா? குடிச்சிட்டு எங்கியோ போட்டுட்டாருன்னு நானே திட்டினேன். நீ அங்க இருந்தவன்தானே? சொல்லு, நீ பாத்தியா இல்லியா?"

"நான் படம் எடுக்கறவம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"கண்ணு தெரியாதவன் படம் எடுக்கறியா?"

அவள் போகவில்லை. சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் வந்தாள்.

வீட்டில் நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மழை தள்ளிப்போனதால் மண் இறுகி, செடியை இழுத்தால் கொடி மட்டும் கையோடு வந்தது, கடலை மண்ணுக்குள்ளேயே நின்றது. களைக்கொட்டால் கொத்திக் கொத்தி எடுக்கவேண்டியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. பொழுது உச்சிக்கு வந்ததும் வரப்புப் பனை நிழலில் உட்கார்ந்து கம்பங்கூழும் பச்சை வெங்காயமும் வைத்துக்கொண்டார்கள். பாவாடை அங்கேதான் வாயைத் திறந்தான்.

"அண்ணே. அந்த மலைக்காரர ரொம்ப அடிச்சிக்கீறாங்க."

"பத்து நாள் உள்ள இருந்துட்டு வருவான். அவனுக்கு இன்னா?" செல்லமுத்து வெங்காயத்தைக் கடித்தார்.

"பொண்ணு கல்யாணம் கீதுண்ணே."

"எனக்குப் புள்ள இல்லியா? மார்க் வாங்கினவன் மாடு ஓட்டறான், அத்தப் பாத்துக்கினு குந்தியிருக்கச் சொல்றியா? எனக்காவா மரத்த வெட்டினேன்? நமக்கு ஒரு எடம் வேணும்னுதானே வெட்டினேன்?"

"ஒங்களுக்கு எடம் கேட்டுட்டு, அந்தாளுக்கு ஜெயில்ல எடம் புடிச்சிக் குடுத்துட்டிங்களே மாமா" என்றாள் அமிர்தம்.

கொளஞ்சியம்மாள் கூழ்க் குண்டானை டொக்கென்று வைத்தாள். "ஒன் புருசன் படத்த மாட்டாம இருந்தா இந்த வம்பே இல்ல. மாடு போச்சி, மானம் போச்சி, இப்ப மூத்தவரயும் அனுப்பிடலாம்னு பாக்கறீங்களா ரெண்டு பேரும்? பெட்டியில இன்னொரு படம் கீதாமே. மொதல்ல அத்தக் கொளுத்து."

"எடுத்துக் குடுடா அத்த" என்றார் செல்லமுத்து.

பாவாடை சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்தான். வீட்டில் விட்டுவைக்கப் பயந்து கூடவே வைத்திருந்தான். செல்லமுத்து கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை வருசத்தில் தன்னை அப்படி அவர் பார்த்ததில்லை. நெஞ்சு விரிந்து, கண் நிமிர்ந்து, முதுகில் வெயிலும் முகத்தில் வேட்டி வெளிச்சமுமாக யாரோ ஒரு வீரன் மரத்தின்மேல் நின்றான்.

"இது நானாடா?"

"நீங்கதாண்ணே."

கொளஞ்சியம்மாளும் எட்டிப் பார்த்தாள். பிறகு, "கொளுத்துங்க" என்றாள் மெதுவாக.

செல்லமுத்துவால் கொளுத்த முடியவில்லை. உறைக்குள் போட்டுத் தம்பியிடமே நீட்டினார். "ஒளிச்சி வை. எல்லாம் அடங்கட்டும், கண்ணாடி போட்டு வூட்டுல மாட்டலாம். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. இது போலீசு கைக்குப் போச்சின்னா, அன்னியோட நீ என் தம்பி இல்ல. கொல்லையில பாதி, கெணத்துல பாதி பிரிச்சிக்கினு போய்க்கினே இரு. நான் செத்தா படம் எடுக்கக்கூட வராத."

மூன்றாம் நாளும் சின்னப்பொண்ணு படிக்கட்டில் இருந்தாள். ஒரு பையனுக்குப் பரீட்சைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான் பாவாடை. அவள் திரும்பி உள்ளே பார்த்தாள். பையன் முகத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"துணி நல்லாருக்குது" என்றாள். "இதமாதிரிதான் எடுத்தாரச் சொன்னேன். பச்சக் கரை போட்டு."

தெரிந்து சொன்னாளா தெரியாமல் சொன்னாளா என்பது பாவாடைக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பையனை அனுப்பிவிட்டு, உறையை எடுத்துக்கொண்டு ரைஸ்மில்லுக்குப் போனான்.

இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்ததும் முதலில் ஒரு அறை விழுந்தது.

"இத்தன நாளா எங்கடா வெச்சிருந்த? யாரு இவன்?"

"எங்கண்ணங்க ஐயா. செல்லமுத்து. மரத்த வெட்டினது அவுருதான். மலைக்காரரு பஸ்ஸுல வந்தவரு. அது கொடி இல்லைங்க. அண்ணன் மூஞ்சிக்கு வெளிச்சம் கெடைக்கலன்னு நான்தான் புடிக்கச் சொன்னேன்."

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். வேட்டியைப் பிடித்தால் வெளிச்சம் வருமாம், கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒருத்தர் சொன்னார். இன்ஸ்பெக்டரும் நம்பவில்லை. "காட்டு பார்ப்போம்" என்றார்.

பாவாடை ஒரு போலீஸ்காரரைக் களத்தில் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்தான். சுற்றிலும் பார்த்தான், வெள்ளையாக ஒன்றும் இல்லை. பிறகு தன் இடுப்பில் கட்டியிருந்த வேட்டியையே அவிழ்த்தான். கால்சட்டையோடு நின்றுகொண்டு, இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி விரித்தான். போலீஸ்காரர் முகம் பளிச்சென்று ஆனது. சிரிப்பு நின்றது. மில் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து சின்னராசு பார்த்துக்கொண்டிருந்தார். பாவாடைக்குக் கை வலித்தது. அன்றைக்கே இந்த வேட்டியை அவிழ்க்க ஏன் தோன்றவில்லை என்று நினைத்தபோது, அவனுக்கு அவன்மேலேயே அருவருப்பு வந்தது. அண்ணன் முன்னால் கால்சட்டையோடு நிற்கக் கூச்சப்பட்டிருப்பான். மலைக்காரர் வேட்டியைக் கேட்கக் கூச்சப்படவில்லை.

செல்லமுத்துவைக் கடலைக் கொல்லையில் வைத்துப் பிடித்தார்கள். வேனில் ஏறும்போது தம்பி பக்கம் திரும்பவேயில்லை. கொளஞ்சியம்மாள் இரண்டு கை மண்ணை அள்ளிப் பாவாடை தலையில் கொட்டினாள். "பொணப் படக்காரன்னு சொம்மாவா சொன்னாங்க! உயிரோட கீறவனப் பொணமாக்கிட்டியேடா" என்று கத்தினாள். படிக்கிற வயசில் மாடு ஓட்டிக்கொண்டிருந்த மகன் வரப்பில் நின்று சித்தப்பனையே பார்த்தான். அன்று பொழுது சாய்வதற்குள் பாவாடையின் பாய், பாத்திரம், டிரங்குப் பெட்டி எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. அமிர்தம் அழவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அன்றிலிருந்து கடைக்குள்ளேயே குடித்தனம்.

செல்லமுத்துவைப் பிடித்த மூன்றாம் நாள் காலையில், வெளியே விட்டிருந்த சின்னராசுவும் சின்னப்பொண்ணும் கடைக்கு வந்தார்கள். உள்ளே காலேஜில் சேரப் படம் எடுக்க ஒரு பெண் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவாடை பதறி எழுந்தான்.

"வாங்க, வாங்க. குந்துங்க. அமிர்தம், டீ வாங்கியா."

சின்னராசு உட்காரவில்லை. சுவரைப் பார்த்தார்.

"அது என்துதானே?"

"ஒங்களுதுதாங்க. நீங்க வந்தா குடுத்துடலாம்னுதான்..."

"நான் வந்தேனே. போலீசு கூட்டிக்கினு போச்சி, ஒன் கடைய தாண்டித்தான். அப்ப நீ உள்ளதான் இருந்த."

அவர் வலது கையால் ஆணியைப் பிடுங்கினார். கீழ் மூலை இரண்டும் வந்தன. மேல் மூலைக்கு இடது கையைத் தூக்கப் பார்த்தார், தோளுக்குமேல் எழும்பவில்லை. பாவாடை ஓடி வந்து கைவைத்தான்.

"நீ தொடாத" என்றாள் சின்னப்பொண்ணு. அவளே முக்காலியில் ஏறிப் பிடுங்கினாள்.

சின்னராசு வேட்டியை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நாலு மூலையிலும் நாலு ஓட்டை, துருக் கறையோடு.

"மாப்பிள்ளைக்கு எடுத்தது. ஆணி அடிச்சிட்டியே" என்றார்.

"வேற புதுசா எடுத்துத் தரேங்க. இன்னிக்கே தரேன்."

"ஒன் வேட்டி ஒன் இடுப்புலயே இருக்கட்டும்." குரல் உயரவில்லை. "ஒங்கண்ணன் மூஞ்சிக்கு வெளிச்சம் வேணும்னு என் கையத் தூக்கச் சொன்ன. தூக்கினேன். என்மேல வெளிச்சம் உழுந்தப்ப, ஆரு இன்னான்னு தெரியாதுன்னுட்ட. அப்பறம் வந்து சொன்ன. சரி. சொன்னதுக்கு நான் கும்புடணுமா?"

"வேணாங்க."

"கும்புடவும் முடியாது. இந்தக் கை எழும்பல."

சின்னப்பொண்ணு வேட்டியை வாங்கி, ஓட்டை உள்பக்கம் போகிறமாதிரி நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அமிர்தம் டீயோடு படிக்கட்டில் ஏறியபோது அவர்கள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த தம்ளரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"அண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சி. எடுங்க" என்றாள் அந்தப் பெண்.

பாவாடை கேமராவை எடுத்தான். பெண்ணின் முகத்தில் ஜன்னல் பக்கம் வெளிச்சமாகவும் சுவர்ப் பக்கம் இருட்டாகவும் இருந்தது. தூரத்தை அளந்துவைத்தான். சுவரில் சாய்ந்தான். முழங்கையை விலாவோடு ஒட்டினான், மூச்சை அடக்கினான். கை நிற்கவில்லை.